மொபைல் டவரில் ஏறுபவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்: கொக்கி முதல் ஆர்எஃப் (ரேடியோ அலை) வரை

டவர் வேலைக்கு வரும் தம்பிகளுக்கு உயரப் பாதுகாப்புப் பயிற்சி கொடுப்பது என் வேலை. வகுப்பில் வாயே திறக்காதவர்கூட டீ குடிக்கும்போது பக்கத்தில் வந்து ஒன்று கேட்பார். ராத்திரி வாட்ஸப்பில் குரல் பதிவு அனுப்புவார். ஊர் மாறினாலும் கேள்வி மாறுவதில்லை. அவர்கள் கேட்ட மாதிரியே எழுதிப் பதிலைக் கீழே வைத்திருக்கிறேன். நாம் அன்றாடம் பார்க்கும் 40 மீட்டர் தரை டவரையும், மாடிமேல் நிற்கும் சின்ன டவரான ஆர்டிடியையும் மனதில் வைத்து எழுதியது. உங்கள் கம்பெனி விதி இதைவிடக் கடுமையாக இருந்தால் அதையே பிடித்துக்கொள்ளுங்கள்.

புதுசா சேரப்போறேன் சார். பெல்ட் மாட்டிக்கிட்டா போதும்தானே?

எந்த பெல்ட் என்பதைப் பொறுத்தது. இடுப்பில் மட்டும் கட்டும் பழைய பெல்ட் இன்னும் சில குடோன்களில் கிடக்கிறது. அதைக் கட்டிக்கொண்டு விழுந்தால் மொத்த அடியும் இடுப்பிலும் வயிற்றிலும் இறங்கும். முதுகெலும்பும் உள்ளுறுப்புகளும் தாங்காது. தலைகீழாகத் தொங்கி அதிலிருந்து நழுவிவிடவும் கூடும். டவருக்கு வேண்டியது தோள், மார்பு, தொடை எல்லாவற்றையும் சுற்றி வரும் முழு உடல் ஹார்னஸ். அதன் லேபிளில் ஐஎஸ் 3521 அல்லது இஎன் 361 என்று இருக்கிறதா என்று பாருங்கள். லேபிளே இல்லாவிட்டால் அதை மாட்டாதீர்கள்.

ஹார்னஸில் நாலைந்து வளையங்கள் இருக்கும். முதுகில் இருப்பதும் மார்பில் இருப்பதும் விழுந்தால் பிடிப்பதற்கு. இடுப்பின் இரண்டு பக்கமும் இருப்பவை நின்ற இடத்தில் சாய்ந்து வேலை பார்ப்பதற்கு மட்டும். பக்கவாட்டு வளையத்தை மட்டும் நம்பி விழுந்தால் அந்தப் பழைய பெல்ட்டோடு விழுந்ததற்குச் சமம். தொடைப் பட்டைக்கும் காலுக்கும் நடுவே உள்ளங்கை தட்டையாக நுழைய வேண்டும், முஷ்டி நுழையக் கூடாது. தளர்வாக விட்டால் தொங்கும்போது பட்டை எங்கே போய் இறுக்கும் என்று ஆண்களுக்கு விளக்கத் தேவையில்லை.

ரெண்டு கொக்கி எதுக்கு? ஒண்ணு போதாதா?

ஒரே கொக்கி என்றால், அதைக் கழற்றி அடுத்த இடத்தில் மாட்டும் அந்த இரண்டு விநாடி நீங்கள் எதிலும் இல்லை. ஹார்னஸை இரும்போடு இணைக்கும் கயிறுதான் லேன்யார்டு. இரட்டைக் கொக்கி லேன்யார்டின் வேலையே அந்த இரண்டு விநாடியை இல்லாமல் ஆக்குவதுதான். மேலே ஒன்றை மாட்டி, மாட்டியது பூட்டியதா என்று இழுத்துப் பார்த்து, அதற்குப் பிறகுதான் கீழே உள்ளதைக் கழற்ற வேண்டும். தரையை விட்ட நேரம் முதல் தரையைத் தொடும் வரை ஒரு கொக்கியாவது இரும்பில் இருக்க வேண்டும்.

ஒரு சின்ன விஷயம். சும்மா இருக்கும் இரண்டாவது கொக்கியை ஹார்னஸின் இடுப்பு வளையத்தில் மாட்டி வைக்கும் பழக்கம் இருக்கிறது. விழுந்தால், அதிர்ச்சியை வாங்குவதற்காக லேன்யார்டில் இருக்கும் அப்சார்பர் சரியாக விரியாது. லேன்யார்டின் இரண்டு காலும் உடம்போடு கட்டுப்பட்டுக் கிடக்கும். கொக்கியை ஓய்வாக வைப்பதற்கென்றே மார்புப் பட்டையில் பிய்ந்து விடும்படி ஒரு சின்னப் பிளாஸ்டிக் மாட்டி இருக்கும். அதில் வையுங்கள்.

ஏணியில மாட்டி மாட்டி ஏறினா நேரம் ஆகுதே. மேல போய் மாட்டிக்கலாம்ல?

இந்தப் பக்கத்தை எழுத வைத்த கேள்வியே இதுதான். மேலே போய்ச் சேர்ந்து, கொக்கியை மாட்டி, சாய்ந்து நின்று ஆண்டெனாவுக்குப் போகும் ஜம்பர் கேபிள் முறுக்கும்போது பெரும்பாலும் யாரும் விழுவதில்லை. ஏறும்போது, இறங்கும்போது, ஏணியை விட்டு ஆண்டெனா மாட்டும் சட்டமான மவுண்ட்டுக்கு நகரும்போது, ஒரு பக்கத்திலிருந்து இன்னொரு பக்கம் தாண்டும்போதுதான் விழுகிறார்கள். அதிலும் இறங்கும் நேரம் மோசம். கை ஓய்ந்திருக்கும், பசி எடுத்திருக்கும், வேலை முடிந்தது என்ற நினைப்பு வந்திருக்கும்.

அமெரிக்காவில் 2013-இல் தொலைத்தொடர்பு டவர் வேலையில் 13 பேர் இறந்தார்கள். அதற்கு முந்தைய இரண்டு ஆண்டுகளையும் கூட்டினால் வருவதைவிட அதிகம். அந்த நாட்டுத் தொழில் பாதுகாப்புத் துறையான ஓஷா 2014-இல் முதலாளிகளுக்குக் கடிதம் எழுதியது. விழாமல் காக்கும் கருவியைக் கொடுக்காததும், கொடுத்ததை ஆட்கள் பயன்படுத்துகிறார்களா என்று பார்க்காததும்தான் பல சாவுகளுக்குக் காரணம் என்று அதில் சொல்லியிருந்தது. கருவி இடுப்பில் தொங்கிக்கொண்டிருந்தால் போதாது.

நேரம் ஆவது உண்மைதான். அதற்கு வழி கொக்கியைக் கைவிடுவது இல்லை. ஏணி ஓரமாகக் கம்பிவடம் கட்டி, அதில் ஓடும் பிடிப்பானை மார்பு வளையத்தில் மாட்டிவிட்டால் கை இரண்டும் ஏணிக்கே இருக்கும். ஏறும் வேகமும் குறையாது. டவர் கம்பெனியிடம் கேட்க வேண்டியது அதைத்தான்.

எங்க சீனியர் அண்ணன் பல வருஷமா மாட்டாமதான் ஏறுறாரு. அவருக்கு ஒண்ணும் ஆகலையே?

ஆகாதவர்தான் உங்கள் முன்னால் நிற்க முடியும். அவர் ஏறும் லாவகத்தைக் கற்றுக்கொள்ளுங்கள். மூன்று பிடிமானம் (இரண்டு கை, இரண்டு காலில் மூன்று எப்போதும் இரும்பில் இருப்பது), இரும்போடு ஒட்டி ஏறுவது, கையில் எதையும் பிடிக்காமல் ஏறுவது எல்லாம் அவரிடம் நிச்சயம் இருக்கும். கொக்கி விஷயத்தில் மட்டும் அவரைப் பார்க்க வேண்டாம்.

டவர்ல கூண்டு வச்ச ஏணிதான் இருக்கு. அப்புறம் கொக்கி எதுக்கு?

ஏணியைச் சுற்றியிருக்கும் வளையக் கூண்டு விழுபவரைத் தாங்கிப் பிடிப்பதில்லை. நேராகக் கீழே போவார், போகிற வழியில் வளையங்களில் அடிபடுவார். அமெரிக்க விதியில் 2018 நவம்பருக்குப் பிறகு 24 அடிக்கு மேல் புதிதாக வைக்கும் நிலையான ஏணிகளுக்குக் கூண்டு மட்டும் போதாது. பழைய கூண்டு ஏணிகளுக்கு 2036 வரை கெடு. கூண்டு இருந்தாலும் முந்தைய பதில்கள் அப்படியே பொருந்தும்.

கொக்கியை எதுல மாட்டணும்? கைக்கு எட்டினதுல மாட்டலாமா?

டவரின் கால் ஆங்கிள், கிடைமட்டமாகப் போகும் கனமான ஆங்கிள், ஆங்கர் என்று குறியிட்ட இடம் இவைதான். கேபிள் டிரே, கேபிள் கிளாம்ப், ஆண்டெனா, ஆண்டெனாவை மாட்டியிருக்கும் பைப்பின் முனை, விளக்குக் கம்பி எதிலும் மாட்டக் கூடாது. நீங்கள் 2 மீட்டர் விழுந்தால்கூட மணிக்கு 22 கிலோமீட்டர் வேகத்தில் போவீர்கள். அந்த வேகத்தில் உங்கள் எடை ஒரு கிளாம்ப் போல்ட்டில் இறங்கினால் போல்ட் நிற்காது.

சாய்வான ஆங்கிளில் மாட்டினால் விழும்போது கொக்கி அது முடியும் இடம் வரை சறுக்கிக்கொண்டே போகும். அத்தனை தூரமும் நீங்கள் கூடுதலாக விழுகிறீர்கள். இன்னொன்று, கால் ஆங்கிள் அகலமாக இருந்தால் கொக்கியின் வாய் மூடாது. மூடாத கொக்கி மாட்டியது போலத் தெரியும், ஆனால் அது வெறுமனே இரும்பின் மேல் உட்கார்ந்திருக்கிறது. அப்படிப்பட்ட இடத்தில் ஸ்லிங் என்னும் பட்டையைச் சுற்றிக் கட்டி அதில் மாட்டுங்கள்.

எட்டும் வரை உயரமாக மாட்டுவது வழக்கமாகட்டும். தலைக்கு மேல் மாட்டினால் விழும் தூரம் அரை மீட்டரில் முடியலாம். காலடியில் மாட்டினால் லேன்யார்டைப் போல இரண்டு மடங்கு தூரம் விழுந்த பிறகுதான் அது இழுத்துப் பிடிக்கும்.

ஆர்டிடி சின்ன டவர்தானே, நாலு மீட்டர் உயரத்துல வேலை. ஷாக் அப்சார்பர் காப்பாத்திடும்ல?

இல்லை. இதைக் கணக்குப் போட்டே பார்த்துவிடலாம். லேன்யார்டு 2 மீட்டர். அப்சார்பர் கிழிந்து விரிந்தால் அதிகபட்சம் 1.75 மீட்டர். முதுகு வளையத்திலிருந்து கால் வரை 1.5 மீட்டர். பாதுகாப்புக்கு 1 மீட்டர். கூட்டினால் 6.25 மீட்டர். கொக்கி மாட்டிய இடத்துக்குக் கீழே இவ்வளவு வெற்றிடம் இருந்தால்தான் தரையில் மோதாமல் நிற்பீர்கள். நாலு மீட்டரில் மாட்டினால் அப்சார்பர் விரிந்து முடிவதற்குள் தளம் வந்துவிடும்.

தாழ்வான வேலைக்கு விழவே விடாத ஏற்பாடு வேண்டும்: இடுப்பு வளையங்களில் பொசிஷனிங் கயிற்றை இறுக்கிக் கட்டிச் சாய்ந்து நிற்பது, கூடவே தலைக்கு மேல் தானாகச் சுருளும் பிளாக். அந்த பிளாக் சீட் பெல்ட் மாதிரி சட்டென்று பூட்டிக்கொள்ளும். மொட்டை மாடியின் விளிம்பையும் மறக்காதீர்கள். டவரில் அத்தனை கவனமாக இருந்துவிட்டு, கைப்பிடிச் சுவர் இல்லாத மாடி ஓரத்தில் கேபிள் இழுத்தபடி பின்னால் நடப்பவர்களைப் பார்த்திருக்கிறேன்.

ஹார்னஸ் பார்க்க நல்லாத்தான் இருக்கு. எப்போ தூக்கிப் போடணும்?

ஒரு தடவை விழுந்து தாங்கியது என்றால் அன்றே. தையல் பிரிந்திருந்தால், பட்டை ஓரம் பிசிறு விட்டிருந்தால், பெயின்ட்டோ பேட்டரி ஆசிட்டோ பட்டிருந்தால், வெயிலில் வெளிறி விறைத்திருந்தால், அப்சார்பர் உறை கிழிந்திருந்தால் உடனே. தயாரிப்பாளர் கொடுத்த ஆயுட்காலம் லேபிளிலோ கையேட்டிலோ இருக்கும். அது முடிந்தாலும் கழித்துவிட வேண்டும். தூக்கிப் போடும்போது பட்டையை அறுத்துப் போடுங்கள். இல்லாவிட்டால் அடுத்த மாதம் வேறு யாராவது முதுகில் அதைப் பார்ப்பீர்கள்.

எடையையும் பாருங்கள். சாதாரண அப்சார்பர் 100 கிலோ எடை வைத்துச் சோதிக்கப்பட்டது. 90 கிலோ ஆள், 12 கிலோ கருவிப் பை என்றால் அதைத் தாண்டிவிட்டது.

விழுந்து ஹார்னஸ்ல தொங்குறான்னா உயிர் தப்பிச்சாச்சுதானே?

பாதி தப்பித்தாயிற்று. காலை அசைக்காமல் நிமிர்ந்தபடியே தொங்கினால் ரத்தம் காலில் தங்கிவிடும். இதயத்துக்கும் மூளைக்கும் திரும்பி வருவது குறையும். முதலில் காலில் கூச்சம், வியர்வை, குமட்டல், அப்புறம் மயக்கம். மயங்கியவர் காலை அசைக்க முடியாது, அதனால் நிலைமை இன்னும் வேகமாகக் கெடும். சிலருக்குச் சில நிமிடங்களிலேயே மயக்கம் வருகிறது. அரை மணி நேரத்துக்குள் உயிரே போகக்கூடும்.

தொங்குபவர் நினைவோடு இருந்தால் காலை உதைத்துக்கொண்டே இருக்க வேண்டும், எதையாவது மிதித்து எடையைத் தொடையிலிருந்து எடுக்க வேண்டும். இதற்கென்றே ஹார்னஸின் இரு பக்கமும் மாட்டும் மடித்த பட்டை விற்கிறது. பிரித்து இரண்டையும் இணைத்து அதில் ஏறி நிற்கலாம். விலை அதிகமில்லை, ஆனால் கேட்காமல் யாரும் வாங்கித் தர மாட்டார்கள்.

இறக்கிய பிறகு, உட்கார வைக்க வேண்டும், படுக்க வைத்தால் ரத்தம் ஒரேயடியாகப் பாய்ந்து இறந்துவிடுவார் என்று ஒரு பாடம் ரொம்ப நாள் சுற்றியது. பிரிட்டனில் 2009-இல் இதை ஆராய்ந்து பார்த்தார்கள், ஆதாரம் கிடைக்கவில்லை. சாதாரண முதலுதவிதான்: படுக்க வையுங்கள், மூச்சைப் பாருங்கள், மூச்சு இல்லாவிட்டால் நெஞ்சை அழுத்தத் தொடங்குங்கள்.

108-க்கு அடிச்சா வந்துடுவாங்களே, எதுக்கு ரெஸ்க்யூ கிட்?

108 ஆம்புலன்ஸ் தரைக்கு வரும். 35 மீட்டரில் தொங்குபவரிடம் ஏறி வராது. தீயணைப்பு வண்டி கிராமத்து வரப்பு வழியாக டவர் கேட் வரை வருவதே சந்தேகம். வந்தாலும் அதன் ஏணி அந்த உயரத்துக்கு எட்டாது. முந்தைய பதிலில் சொன்ன நிமிடக் கணக்குக்குள் இறக்கக் கூடியவர் உங்களோடு வந்த ஆள் மட்டும்தான்.

அதனால் கயிறு, இறக்கும் கருவி, ஸ்லிங் கொண்ட கிட் சைட்டில் இருக்க வேண்டும். வண்டி டிக்கியில் இருந்தால் கணக்கில் வராது. அதைப் பயன்படுத்திப் பழகியவர்கள் இரண்டு பேராவது வேண்டும். ஏனென்றால் பழகிய ஒரே ஆளே தொங்கிக்கொண்டிருக்கலாம். ஏறும் முன் மூன்று விஷயங்களைப் பேசி முடியுங்கள்: யார் ஏறி இறக்குவது, யார் போன் செய்வது, ஆம்புலன்ஸ் டிரைவருக்கு எந்த வழியைச் சொல்வது. கூகுள் மேப்பில் டவர் சைட் பெரும்பாலும் வயலுக்கு நடுவில் ஒரு புள்ளியாகத்தான் தெரியும். பக்கத்து ஊர்ப் பெயரையும் மெயின் ரோட்டு அடையாளத்தையும் எழுதி வையுங்கள்.

ஒரு ஜம்பர் மாத்துற வேலைதான். தனியா போயிட்டு வந்துடவா?

முந்தைய இரண்டு பதில்களைப் படித்துவிட்டு நீங்களே சொல்லுங்கள்.

ஆண்டெனா பக்கத்துல வேலை செஞ்சா குழந்தை பிறக்காதுன்னு சொல்றாங்களே?

கல்யாணம் ஆகாத தம்பிகள் தனியாக வந்து கேட்கும் கேள்வி. மொபைல் அலை எக்ஸ்ரே போன்றது அல்ல. அணுவிலிருந்து எலக்ட்ரானைப் பிடுங்கும் சக்தி அதற்கு இல்லை. உறுதியாக நிரூபிக்கப்பட்ட விளைவு சூடு. அளவுக்கு மேல் பட்டால் திசு சூடாகும். ரத்த ஓட்டம் குறைவாக உள்ள கண் லென்ஸும் விரையும் அந்தச் சூட்டைத் தாங்குவதில் பலவீனமானவை. வரம்புக்குள் இருக்கும் அளவில் மலட்டுத்தன்மை வரும் என்று நிரூபிக்கப்படவில்லை. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2011-இல் இந்த அலைகளைப் ‘புற்றுநோய் உண்டாக்க வாய்ப்பு இருக்கலாம்’ என்ற 2பி பிரிவில் வைத்தது. சான்று போதுமானதாக இல்லாதவை சேரும் பிரிவு அது.

ஆனால் அந்த வரம்பு உங்களுக்குப் பொருந்தும் இடம் எது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. இந்தியாவில் 2012 செப்டம்பர் 1 முதல் பொதுமக்களுக்கான வரம்பு சர்வதேச அளவில் பத்தில் ஒரு பங்கு. 900 மெகாஹெர்ட்ஸில் சதுர மீட்டருக்கு 0.45 வாட். ஊர்க்காரர்கள் டவருக்குக் கீழே நிற்கும்போது இதற்குள்தான் இருக்க வேண்டும். நீங்கள் வேலை செய்யும் ஆண்டெனாவுக்கு ஒரு முழம் முன்னால் அந்த வரம்பு எங்கேயோ தாண்டிப் போயிருக்கும். தூரம் இரண்டு மடங்கானால் அலையின் வலு ஏறத்தாழ நாலில் ஒன்றாகக் குறையும் என்பதால் கீழே இருப்பவருக்கு இல்லாத ஆபத்து உங்களுக்கு உண்டு.

நடைமுறையில், பேனல் ஆண்டெனாவின் முகத்துக்கு எதிரே போகாதீர்கள். பின்பக்கம் வருவது முன்பக்கத்தில் நூற்றில் ஒரு பங்குக்கும் குறைவு. முன்னால்தான் வேலை என்றால் அந்த செக்டரை, அதாவது அந்தத் திசைக்கு அலை அனுப்பும் பகுதியை, நிறுத்தச் சொல்லுங்கள். இதயத்தில் பேஸ்மேக்கர் போன்ற கருவி வைத்தவர் டாக்டரைக் கேட்காமல் இந்த வேலைக்கே வரக் கூடாது.

செக்டரை லாக் பண்ணியாச்சுன்னு என்ஓசி (நெட்வொர்க் கண்காணிப்பு மையம்) சொல்லிட்டாங்க. இனிமே முன்னால போகலாமா?

எந்த கம்பெனியின் செக்டர்? ஒரே டவரில் இரண்டு மூன்று ஆபரேட்டர்கள் இருப்பது இப்போது சாதாரணம். ஒருவருடையது நின்றால் மற்றவர்களுடையது நிற்காது. அதே ஆபரேட்டருடைய 4ஜி லாக் ஆகி, 5ஜி ஓடிக்கொண்டும் இருக்கலாம். 2022 அக்டோபரில் 5ஜி வந்த பிறகு மேலேறிய பெரிய பெட்டிகளுக்குள் ஆண்டெனாவும் ரேடியோவும் ஒன்றாகவே இருக்கும். வெளியே பார்த்தால் ஓடுகிறதா என்று தெரியாது. போன் எந்தப் பக்கம் இருக்கிறதோ அந்தப் பக்கம் கற்றையைத் திருப்பும் வகை அவை. ‘இப்போது யாரும் பயன்படுத்தவில்லை’ என்ற கணக்கெல்லாம் அங்கே செல்லாது.

லாக் செய்த செக்டரின் பெயர், எந்த பேண்ட் (அலைவரிசை), எத்தனை மணி வரை, யார் சொன்னது எல்லாவற்றையும் மெசேஜில் வாங்குங்கள். உங்கள் ஆள் இறங்கிவிட்டார் என்று நீங்கள் சொல்லாமல் திறக்கக் கூடாது என்பதையும் அதிலேயே எழுதுங்கள். மார்பில் மாட்டும் ஆர்எஃப் மானிட்டர் இருந்தால் மாட்டுங்கள்; அது கத்தினால் என்ஓசி சொன்னதை நம்பாமல் அதை நம்புங்கள்.

மீடியம் வேவ் வானொலிக் கம்பம் முற்றிலும் வேறு. அங்கே கம்பமே ஆண்டெனா. ஒலிபரப்பு ஓடும்போது தரையில் நின்றபடி தொட்டாலே கை எரியும். மொபைல் டவர் அனுபவத்தை அங்கே கொண்டுபோக வேண்டாம்.

சைட் பேட்டரி 48 வோல்ட்தானே, ஷாக் அடிக்காதே?

ஷாக்குக்குப் பயப்படுவதைவிடத் தீக்குப் பயப்படுங்கள். பேட்டரி பேங்கின் இரண்டு முனைக்கும் குறுக்கே ஒரு ஸ்பேனர் விழுந்தால் ஆயிரக்கணக்கான ஆம்பியர் பாயும். உலோகம் உருகித் தெறிக்கும். மோதிரம், செம்புக் காப்பு, கழுத்துச் சங்கிலி மூன்றையும் கழற்றிவிட்டுக் கை வையுங்கள். காப்பு சாமி கட்டியது என்று கழற்ற மறுப்பவர்கள் இருக்கிறார்கள். அவர்களை பேட்டரி வேலைக்கு விடாமல் வேறு வேலை கொடுங்கள்.

ஜென்செட் (ஜெனரேட்டர்) ஓடும்போது கருவி அறையான ஷெல்டருக்குள் கதவைச் சாத்திக்கொண்டு படுக்கக் கூடாது. கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது. ஆர்டிடி சைட்டில் தெருவோர மின்கம்பி எத்தனை பக்கத்தில் போகிறது என்று பைப் தூக்குவதற்கு முன் பார்த்துவிடுங்கள்.

தூறல்தான் சார். இடி எங்கேயோ தூரத்துல. முடிச்சிட்டு இறங்கிடலாமா?

இடிச் சத்தம் காதில் விழுகிறது என்றாலே மின்னல் உங்களை எட்டும் தூரத்தில் இருக்கிறது. இந்த வட்டாரத்திலேயே உயரமான இரும்பில் நீங்கள் இருக்கிறீர்கள். டவர் உச்சியில் இடிதாங்கி இருப்பது டவரையும் கருவியையும் காக்க. அதன்வழி இறங்கும் மின்சாரம் பக்கத்தில் இருக்கும் ஆள் மீது தாவும்.

கொக்கி மாட்டி இறங்க 40 மீட்டருக்குப் பத்து பதினைந்து நிமிடம் ஆகும். அதனால் கேட்ட முதல் இடியிலேயே முடிவெடுக்க வேண்டும். கடைசி இடி கேட்டு 30 நிமிடம் ஆன பிறகுதான் திரும்ப ஏறுவது. ஐப்பசி கார்த்திகையில் மட்டும் கவனமாக இருப்பார்கள்; சித்திரை வைகாசியில் மத்தியானம் மூன்று மணிக்கு மேல் திடீரென்று கட்டும் கோடை மழைதான் ஆளை மாட்டிவிடும். அந்த மாதங்களில் மேல் வேலையைக் காலையிலேயே முடிக்கும்படி திட்டமிடுங்கள். வெயிலில் பழுத்த ஆங்கிளைப் பிடிக்கும் தொல்லையும் மிச்சம்.

காத்து எவ்வளவு அடிச்சா இறங்கணும்?

காற்றளவி இருந்தால் கம்பெனி கொடுத்த எண்ணைப் பாருங்கள். இல்லாவிட்டால் கண்ணும் காதும்தான். சின்ன மரம் முழுதாக ஆடினால் மணிக்கு 30 கிலோமீட்டரைத் தொட்டுவிட்டது. பெரிய கிளை ஆடி, கம்பிகள் விசில் அடித்தால் 40 வந்துவிட்டது. இது தரையில் நிற்பவர் பார்க்கும் கணக்கு. மேலே இன்னும் அதிகமாக அடிக்கும். கம்பி விசில் அடித்தால் யாரும் மேலே இருக்கக் கூடாது என்பது என் வழக்கம். பேனலோ டிஷ்ஷோ தூக்குவதாக இருந்தால் அதற்கு முன்பே நிறுத்திவிடுவேன். முப்பது நாற்பது கிலோ பெட்டி கயிற்றில் சுழலத் தொடங்கினால் கீழே வழிகாட்டுக் கயிறு பிடித்தவரால் அடக்க முடியாது.

ஆடி மாதம் முப்பந்தல், ஆரல்வாய்மொழிப் பக்கமும் பாலக்காட்டுக் கணவாய்க்கு எதிரே பொள்ளாச்சி, உடுமலைப் பக்கமும் வேலை என்றால் அதிகாலையில் போங்கள். அங்கே காற்றாலை வைத்திருப்பது சும்மா இல்லை.

டவர்ல தேன்கூடு இருக்கு. புகை போட்டுட்டு ஏறிடலாமா?

வேண்டாம். டவரில் பாய் மாதிரி விரிந்து தொங்குவது மலைத்தேனீ. ஒன்று கொட்டினால் அந்த இடத்தில் விடும் வாசனை மற்றவற்றைக் கூப்பிடும். தரையில் இருப்பவர் ஓடலாம், ஏணியில் இருப்பவர் எங்கே ஓடுவார்? கொட்டு தாங்காமல் கொக்கியைக் கழற்றிவிட்டு வேகமாக இறங்கப் பார்ப்பார். கடைசியில் விழுந்து அடிபடுவார். கதண்டு என்னும் பெரிய குளவியும் அப்படியே, இன்னும் மோசம்.

ஏறும் முன் டவரைச் சுற்றி வந்து மேலிருந்து கீழ்வரை பாருங்கள். பிளாட்பாரத்தின் அடிப்பக்கத்தை மறக்காதீர்கள். கூடு இருந்தால் போட்டோ எடுத்து அனுப்பிவிட்டுத் திரும்பி வாருங்கள். அகற்றத் தெரிந்தவர்களையோ தீயணைப்புத் துறையையோ வைத்து எடுத்த பிறகு வேலை. தேனீ கொட்டி முன்பு மூச்சுத் திணறல் வந்தவர் என்றால் சூப்பர்வைசருக்கு அது முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும்.

நான் கீழதான் நிக்கிறேன், எனக்கு ஹெல்மெட் எதுக்கு?

40 மீட்டரிலிருந்து ஸ்பேனர் நழுவினால் மூன்று விநாடிக்குள் தரையில் இருக்கும், மணிக்கு நூறு கிலோமீட்டர் வேகத்தில். அந்த வேகத்துக்கு ஹெல்மெட்டை நம்ப முடியாது. வழியில் ஆங்கிளில் பட்டுத் திசைமாறி வரும் போல்ட்டுக்கு ஓரளவு உதவும். மேலே ஆள் இருக்கும்போது டவர் அடியில் யாரும் நிற்காமல் இருப்பதுதான் பாதுகாப்பு. தரை டவரில் கேட்டை உள்ளே பூட்டிக்கொள்ளுங்கள். ஆர்டிடியில் தெருவை எட்டிப் பாருங்கள்; டீக்கடையும் நிறுத்திய பைக்கும் சரியாக அங்கேதான் இருக்கும். மேலே போகும் ஒவ்வொரு கருவிக்கும் கையிலோ பையிலோ கட்டிய கயிறு வேண்டும். மேலிருப்பவர் எதையாவது தவறவிட்டால் முதலில் கத்த வேண்டும், அப்புறம் வருத்தப்படலாம்.

புயலுக்கு அப்புறம் சைட் டவுன். உடனே ஏறச் சொல்றாங்க. ஏறலாமா?

2018 நவம்பரில் கஜா வேதாரண்யத்தில் கரை கடந்த பிறகு டெல்டா முழுக்க இந்த நெருக்கடி இருந்தது. மக்களுக்கு சிக்னல் வேண்டும், கம்பெனிக்கு சைட் வேண்டும். ஆனால் நேற்றைய காற்று அந்த டவரை என்ன செய்தது என்று தரையிலிருந்து பார்க்காமல் ஏறக் கூடாது. நாலு காலும் நேராக இருக்கின்றனவா, எங்காவது வளைந்த ஆங்கிள் இருக்கிறதா, அடித்தளத்தில் புது வெடிப்பு இருக்கிறதா, போல்ட் துளை காலியாக இருக்கிறதா என்று பாருங்கள். மேலே மாட்டியிருந்த டிஷ் ஒரு போல்ட்டில் தொங்கிக்கொண்டிருக்கலாம். கால் ஒன்று வளைந்திருந்தால் கட்டமைப்பு என்ஜினீயர் வந்து பார்க்கும் வரை அந்த டவர் யாருக்கும் கிடையாது.

புயல் இல்லாவிட்டாலும் இந்தப் பார்வை வேண்டும். ஆள் நடமாட்டமில்லாத சைட்டில் குறுக்கு ஆங்கிளையே கழற்றிப் பழைய இரும்புக்குப் போட்டுவிடுகிறார்கள். ராமேஸ்வரம், தூத்துக்குடி போன்ற கடலோரத்தில் உப்புக் காற்று போல்ட்டைத் தின்றிருக்கும். மேலே பெயின்ட் பளபளப்பாக இருக்கும்.

ஏற மாட்டேன்னு சொன்னா வேலை போயிடுமே சார்?

இந்தப் பயம் பொய்யில்லை, அதனால் வீரம் பேசப் போவதில்லை. எப்படிச் சொல்வது என்று மட்டும் சொல்கிறேன். ‘பயமா இருக்கு’ என்று போனில் சொல்லாதீர்கள். ‘இரண்டாவது செக்ஷனில் மூன்று போல்ட் இல்லை, போட்டோ அனுப்பியிருக்கிறேன், என்ன செய்யட்டும்?’ என்று எழுத்தில் கேளுங்கள். அதைப் பார்த்துவிட்டு ‘பரவாயில்லை ஏறு’ என்று எழுத்தில் பதில் போடும் மேனேஜர் அரிது. 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த தொழில் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டத்திலும், உடனடி ஆபத்து இருப்பதாக நியாயமாக நினைத்தால் முதலாளிக்கும் ஆய்வாளருக்கும் தெரிவிக்கும் உரிமை தொழிலாளிக்கு உண்டு. சூப்பர்வைசர்கள் இதைப் படித்தால் ஒரு வேண்டுகோள்: சைட் டவுன் என்று அரைமணிக்கு ஒரு தரம் போன் போடாதீர்கள். மேலே இருப்பவர் அந்த போனை எடுக்க ஒரு கையை விட வேண்டும்.

நான் சப் கான்ட்ராக்டர்கிட்ட தினக்கூலி. விழுந்தா யார் பொறுப்பு? பெல்ட் மாட்டலைன்னா காசு தர மாட்டாங்களாமே?

கான்ட்ராக்ட் சங்கிலி எத்தனை கை மாறினாலும், வேலையைக் கொடுத்த முதன்மை முதலாளியிடமே இழப்பீடு கேட்கலாம் என்பது 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்திலிருந்தே உள்ள விதி. அவர் கொடுத்துவிட்டுக் கான்ட்ராக்டரிடம் வசூலித்துக்கொள்வது அவர் பாடு. டவர் கட்டும் வேலை கட்டுமானத் தொழிலில் சேரும் என்று 1996-ஆம் ஆண்டுச் சட்டம் வெளிப்படையாகவே சொன்னது. அதனால் கட்டுமானத் தொழிலாளர் நல வாரியத்தில் பதிவு செய்வதற்கு வழி இருக்கிறதா என்று தொழிலாளர் அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள்.

கேள்வியின் இரண்டாவது பகுதி பாதிதான் உண்மை. குடித்திருந்தாலோ, பாதுகாப்புக் கருவியை வேண்டுமென்றே ஒதுக்கியிருந்தாலோ காயத்துக்கான இழப்பீட்டை மறுக்க முடியும். ஆனால் சாவிலோ முழு நிரந்தர ஊனத்திலோ முடிந்தால் அந்தச் சாக்கு செல்லாது. உங்கள் பெயர் அன்றைய சைட் வருகைப் பதிவிலோ வாட்ஸப் குழுவிலோ இருக்கட்டும். அங்கே வேலை செய்தார் என்று நிரூபிப்பதில்தான் பல குடும்பங்கள் அலைகின்றன.

என் வீட்டுக்காரர் டவர் வேலைக்குப் போறாரு. எனக்கு இதெல்லாம் புரியாது. நான் என்ன கேக்கணும்?

ஒரு அக்கா போனில் கேட்டது. மூன்றே விஷயம் கேளுங்கள்: இன்றைக்கு எந்த ஊர் சைட், கூட யார் வருகிறார், அவருடைய நம்பர் என்ன. இதற்குப் பதில் இல்லாமல் கிளம்பினால் தனியாகப் போகிறார் என்று அர்த்தம். ஈஎஸ்ஐ அட்டையோ இன்சூரன்ஸ் தாளோ இருந்தால் அதன் போட்டோ உங்கள் போனிலும் இருக்கட்டும். சர்க்கரை, ரத்த அழுத்தம், வலிப்பு என்று மாத்திரை சாப்பிடுகிறார் என்றால் அதைக் கம்பெனியில் சொல்லியிருக்கிறாரா என்று கேளுங்கள். பல பேர் வேலை போய்விடும் என்று மறைக்கிறார்கள். அவர் மேலே இருக்கும் நேரத்தில் போன் அடிக்காதீர்கள். இறங்கியதும் அவரே கூப்பிடட்டும் என்று பேசி வைத்துக்கொள்ளுங்கள்.